கொக்கி மாட்டியிருந்தும் கடலில் போனவர்: சிவி30 படகில் நடந்தது

2017 நவம்பர் 18, பிற்பகல். கேப் டவுனில் இருந்து கிளம்பி ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேன்டில் நோக்கிப் போய்க்கொண்டிருந்த சிவி30 என்ற பாய்மரப் படகின் முன்தளத்தில் பாய் மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. கரைக்கு இன்னும் சுமார் 1500 கடல் மைல். காற்று 20 முதல் 25 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்), இடையிடையே 40 நாட் வரை வீச்சு, கடல் கொந்தளிப்பு. அந்த வேலையில் இருந்த 60 வயதுக்காரர் ஒருவரை அலை அடித்துக் கடலுக்குள் கொண்டுபோனது. லைஃப்ஜாக்கெட் போட்டிருந்தார். உடம்பு முழுக்க நீர் புகாத டிரை சூட் போட்டிருந்தார். எங்கே மிதக்கிறார் என்று படகுக்குக் காட்டும் சின்னக் கருவி ஜாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது. இதெல்லாம் போக, படகோடு தன்னைக் கொக்கியால் மாட்டியும் இருந்தார். அப்படியும் அவர் படகை விட்டுப் பிரிந்துபோனார்.

ஒருவர் படகிலிருந்து கடலில் விழுந்தார் என்று கேட்டதும் பாய்மரக்காரர்கள் வாயில் முதலில் வரும் கேள்வி "மாட்டியிருந்தாரா?" என்பதுதான். மாட்டவில்லை என்று பதில் வந்தால் காரணம் கிடைத்துவிட்டது என்று மனசு அதோடு நின்றுவிடும், நாம்தான் எப்போதும் மாட்டிக்கொள்கிறோமே என்ற நிம்மதியும் வந்துவிடும். இந்த நிகழ்வில் அப்படி நிற்க வழியில்லை. அதனால்தான் இதை முழுசாக எழுத நினைத்தேன். பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு 2018 ஜனவரியிலேயே இதைப் பற்றி ஒரு அவசர எச்சரிக்கை வெளியிட்டது, முழு அறிக்கை 2019இல் வந்தது. பாய்மரப் படகில் கால் வைக்கிற எல்லாரும் அதன் சாரத்தையாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

படகைப் பற்றிக் கொஞ்சம். உலகைச் சுற்றி வரும் கிளிப்பர் பந்தயத்தில் அப்போது ஓடிய ஒரே மாதிரியான 12 படகுகளில் ஒன்று இது, 70 அடி நீளம். உலகை முதன்முதலில் தனியாக, எங்கும் நிற்காமல் பாய்மரப் படகில் சுற்றி 1969இல் கரை திரும்பிய ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் தொடங்கிய பந்தயம். இதில் ஓடுகிறவர்கள் ஆசிரியர், டாக்டர், கணக்கர், ஓய்வுபெற்றவர் என்று சாதாரண ஆட்கள், பணம் கட்டி, பயிற்சி முடித்து வருகிறார்கள். அந்த 2017 பந்தயத்தில் படகுக்கு ஒரே ஒரு தொழில்முறை ஸ்கிப்பர், அதாவது கேப்டன்தான்.

இந்தப் படகுகளின் முன்பாய்கள் சுருட்டி மூடும் வகை இல்லை. முன்பக்கக் கம்பியில் வரிசையாகக் கொக்கிகளால் கோத்து ஏற்றுகிற பழைய முறை. காற்று கூடினால் யாராவது படகின் முன்முனையான அணியம் வரை போய், முழங்காலிட்டு, கோத்த பாயைக் கையால் இழுத்து இறக்கிக் கட்டியாக வேண்டும். படகு அலையில் மூக்கைக் குத்தும்போது முதலில் தண்ணீருக்குள் போவது அதே இடம்தான். பத்துப் பன்னிரண்டு தடவை தலைக்கு மேல் தண்ணீர் போய் வரும், அதற்கு நடுவில் விறைத்த விரலால் முடிச்சுப் போட வேண்டும். அங்கே போகும் ஆளுக்கு மாட்டியிருக்கும் பட்டைதான் எல்லாம்.

அந்தப் பட்டைக்கு டெதர் என்று பெயர். ஒரு முனை நெஞ்சில், லைஃப்ஜாக்கெட்டோடு சேர்ந்த ஹார்னஸின் (உடம்பைச் சுற்றிக் கட்டும் பட்டைக்கட்டு) வளையத்தில். மறுமுனையில் பெரும்பாலும் இரண்டு கிளை: ஒன்று ஏறக்குறைய ஒரு மீட்டர், இன்னொன்று இரண்டு மீட்டருக்குள். தளத்தின் இரு பக்கமும் முன்னிருந்து பின்வரை விறைப்பாக இழுத்துக் கட்டிய நாடா ஒன்று ஓடும், அதற்கு ஜாக்ஸ்டே என்று பெயர். கடல் பந்தயங்களுக்கான உலக விதிமுறைகள் அந்த நாடா குறைந்தது 2040 கிலோ இழுவை தாங்க வேண்டும் என்கின்றன. டெதரின் கொக்கியை அதில் மாட்டிவிட்டு, நாய்க்குட்டியைச் சங்கிலியில் கூட்டிப்போகிற மாதிரி அதைக் கூடவே இழுத்துக்கொண்டு தளத்தில் தவழ்ந்து போக வேண்டும். கொக்கி எப்போதும் நமக்குப் பின்னால், கண்ணுக்குப் படாத இடத்தில்தான் உரசிக்கொண்டு வரும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொக்கி விட்டது எப்படி

விழுந்த மனிதர் உடனே பிரிந்துவிடவில்லை. டெதர் பிடித்தது, படகின் ஓரமாகத் தண்ணீரில் கிடந்தார். மேலே இருந்தவர்கள் அவரைத் தூக்க முயன்றுகொண்டிருந்தபோதுதான் ஜாக்ஸ்டேயில் மாட்டியிருந்த கொக்கி வளைந்து, வாய் திறந்து, நழுவியது.

நல்ல கொக்கிதான் அது. அந்த வகை டெதர்களில் பல கம்பெனிகளும் போடுகிற வழக்கமான எஃகுக் கொக்கி. ஐஎஸ்ஓ 12401 என்ற சர்வதேசத் தரச் சான்றும் இருந்தது. நீளவாக்கில் இழுத்துச் சோதித்தபோது அந்த வகை டெதர் ஒரு டன்னுக்கு மேல் தாங்கியது. பிறகு ஏன் விட்டது? ஜாக்ஸ்டேயோடு உரசிக்கொண்டு வந்த கொக்கி தளத்தில் இருந்த ஒரு கிளீட்டுக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொண்டது. துறைமுகத்தில் படகைக் கட்டும் கயிற்றைச் சுற்றுவதற்காக இரண்டு கொம்போடு தளத்தில் பதித்திருக்கிற உலோகத் துண்டுதான் கிளீட். அந்தக் கொம்புக்கும் தளத்துக்கும் நடுவே ஒரு சந்து இருக்கும், கயிறு நுழைவதற்கான சந்து. நாடாவோடு வழுக்கி வரும் கொக்கியும் கிட்டத்தட்ட அதே உயரத்தில்தான் வரும். உள்ளே போய் இறுகிவிட்டால் அது திரும்ப முடியாது. அந்த நிலையில் ஒரு ஆளின் எடையும், ஓடுகிற படகின் வேகத்தில் தண்ணீர் அவரை இழுக்கிற இழுப்பும் சேர்ந்து கொக்கியின் மேல் குறுக்குவாக்கில் விழுந்தன.

ஒரு இரும்புக் கம்பியை இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து நீளவாக்கில் இழுத்தால் நாள் முழுக்க இழுக்கலாம், ஒன்றும் ஆகாது. அதே கம்பியின் ஒரு முனையைச் சுவர்ச் சந்தில் செருகி மறுமுனையைப் பிடித்து அழுத்தினால் பத்து வயசுப் பையன் வளைத்துவிடுவான். கொக்கிக்கு நேர்ந்ததும் அதுதான். நெம்புகோல் வேலை. ஒரு டன் தாங்கும் என்ற எண் நேராக இழுக்கும்போது மட்டும் உண்மை. தரச் சான்றின் சோதனைகள் அத்தனையும் சுமை நீளவாக்கில்தான் வரும் என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. குறுக்கே வந்தால் அதைவிட மிகக் குறைந்த சுமையிலேயே கொக்கி உருக்குலையும் என்று விசாரணைப் பிரிவு வெளிப்படையாகவே எழுதியது.

இதைப் படித்தபோது எனக்கு உடனே ஞாபகம் வந்தது மலையேறுகிறவர்கள் கயிற்றில் மாட்டும் உலோகக் கொக்கியான கராபினர். அதைக் கையில் வாங்கிப் பாருங்கள், முதுகில் மூன்று எண்கள் பொறித்திருக்கும்: நீளவாக்கில் எவ்வளவு, குறுக்குவாக்கில் எவ்வளவு, வாய் திறந்திருந்தால் எவ்வளவு என்று. ஐரோப்பியத் தரப்படி சாதாரண வகைக்குக் குறைந்தபட்சம் 20, 7, 7 கிலோநியூட்டன் (ஒரு கிலோநியூட்டன் ஏறக்குறைய 100 கிலோ எடையின் இழுப்பு). அதாவது குறுக்கே இழுத்தால் பலம் மூன்றில் ஒரு பங்காகிவிடும் என்பதைச் செய்தவனே உலோகத்தில் செதுக்கி உங்கள் கையில் கொடுக்கிறான். மலையேறக் கற்றுக்கொள்கிற ஆள் முதல் நாளிலேயே அந்த மூன்று குறிகளையும் படிக்கப் பழகிவிடுகிறான். படகுக்காரர்களான நமக்கு அந்தப் பழக்கம் இல்லை. கொக்கி என்றால் கொக்கி, மாட்டினால் மாட்டியாச்சு. இரண்டு துறைகளிலும் தொங்குவது மனித உயிர்தான், ஆனால் ஒரு துறைக்குத் தெரிந்த விஷயம் பக்கத்துத் துறைக்கு இத்தனை வருடம் வந்து சேரவில்லை என்பது எனக்கு இன்னமும் ஆறவில்லை.

நல்ல டெதர்களின் தையலுக்குள் ஒரு நிறத் துணி ஒளிந்திருக்கும். பட்டை ஒரு தடவை அதிகச் சுமை வாங்கிவிட்டால் மேல் தையல் பிரிந்து அந்த நிறம் வெளியே தெரியும், தெரிந்தால் தூக்கிப்போட்டுவிட வேண்டும். அருமையான யோசனை, விதிமுறையிலும் இருக்கிறது. ஆனால் அது பட்டையைப் பற்றித்தான் பேசும். கொக்கி எந்தப் பக்கமாக நசுங்கியது என்பதைச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. கொக்கியைக் கையில் எடுத்து, வாயைத் திறந்து மூடி, முதுகுப்பக்கம் கோணியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

பிடித்திருந்தால் மட்டும்?

சரி, கொக்கி விடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அவர் பிழைத்திருப்பாரா? பிழைத்திருக்கலாம். ஆனால் அதில் நிச்சயம் எதுவும் இல்லை, இந்த இடத்தைத்தான் பலரும் யோசிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

2011 ஜூனில் இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் ஆங்கிலக் கால்வாயில் ஒரு இரவுப் பந்தயம். லயன் என்ற 38 அடிப் படகின் ஸ்கிப்பர் முன்பாயை இறக்கப் போன இடத்தில் விழுந்தார். டெதர் மாட்டியிருந்தது, கடைசிவரை அறுபடவில்லை, கொக்கி கழலவில்லை. படகின் பக்கவாட்டிலேயே இருந்தார். அவரை மேலே ஏற்ற 16 நிமிடம் ஆனது, அதற்குள் மூழ்கி இறந்துவிட்டார். ஐந்தாறு பேர் கைநீட்டும் தூரத்தில்.

ஆறு நாட் என்றால் வினாடிக்கு மூன்று மீட்டர். கேட்பதற்கு மெதுவாகத் தெரியும். நெஞ்சில் கட்டிய பட்டையால் அந்த வேகத்தில் இழுபடும் ஆளின் முகத்தில் தண்ணீர் குழாயடி மாதிரி பாயும். ஊதிய லைஃப்ஜாக்கெட் மிதக்க வைக்கிறது, ஆனால் இழுக்கும்போது அதுவே தண்ணீரை வாரிப் பிடிக்கும் முட்டுக்கட்டை. படகு சாயும் பக்கம் விழுந்திருந்தால் தளம் ஏறி ஏறி அவர்மேல் இறங்கும். மூச்சு எடுக்க இடைவெளி கிடைக்காது. ஆகவே ஒருவர் டெதரில் தொங்குகிறார் என்றால் மேலே இருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது அவரைப் பிடித்து இழுப்பது இல்லை, படகை நிறுத்துவது. சுக்கானைத் திருப்பி மூக்கைக் காற்றுக்குள் காட்டு, பாய் படபடக்கட்டும், கயிறு அடிக்கட்டும், பரவாயில்லை. இதைச் சொல்வது சுலபம், கண்ணெதிரே நண்பன் தண்ணீரில் திணறும்போது எல்லாருடைய கையும் அவனை நோக்கித்தான் நீளும், சுக்கானில் நிற்பவரைத் தவிர வேறு யாருக்கும் வேகம் ஞாபகம் வராது.

டெதரின் நீளமும் நாடா ஓடும் இடமும் சேர்ந்துதான் ஒருவர் தளத்தில் கிடப்பாரா தண்ணீரில் கிடப்பாரா என்பதைத் தீர்மானிக்கின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள். படகோரக் கம்பிவேலியின் உயரம் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். நாடா ஓரத்தில் இருந்து அரை மீட்டர் உள்ளே ஓடுகிறது என்றால், இரண்டு மீட்டர் டெதரில் இருக்கும் ஆள் வேலியைத் தாண்டி விழுந்து, நெஞ்சுவரை தண்ணீரில் தொங்க நீளம் தாராளமாகப் போதும். அதே ஆள் ஒரு மீட்டர் கிளையில் மாட்டியிருந்தால் வேலியிலேயே முட்டிக்கொண்டு நிற்பார், விலா வலிக்கும், அவ்வளவுதான். நாடாவைத் தளத்தின் நடுப்பக்கமாகக் கொண்டுபோனால் நீளக் கிளைகூட ஓரத்தைத் தாண்டி அவ்வளவு தூரம் போகாது. லயன் விசாரணையிலும் குறுகிய டெதரின் அருமை பேசப்பட்டது. என் கருத்து கொஞ்சம் கடுமையானது: கடலில் விழுந்தபின் பிடித்துவைக்கிற டெதரை நம்பிப் போகக் கூடாது, விழவே விடாத டெதர்தான் டெதர். இரண்டு மீட்டர் கிளை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தாவும்போது மட்டும், போய்ச் சேர்ந்ததும் ஒரு மீட்டருக்கு மாற வேண்டும்.

நெஞ்சுப் பக்கமும் ஒரு கேள்வி இருக்கிறது. சுமை இழுத்துக்கொண்டிருக்கும்போதே கழற்றக்கூடிய பிடி அங்கே வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்பவர்கள், படகு கவிழ்ந்தாலோ இழுத்து மூழ்கடித்தாலோ தன்னைத் தானே விடுவித்துக்கொள்ள அதுதான் ஒரே வழி என்கிறார்கள். வேண்டாம் என்பவர்கள், தென் பெருங்கடலில் தானாகக் கழற்றிக்கொண்டவனை யார் கண்டுபிடிப்பது என்கிறார்கள். ஜாக்கெட்டில் இடம் காட்டும் ஏஐஎஸ் கருவி இருக்கும் என்றால் நான் முதல் கட்சி.

பிரிந்த பிறகு

ஏஐஎஸ் என்றதும் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சிவி30இல் அந்தக் கருவி இருந்தது. கப்பல்கள் ஒன்றுக்கொன்று தங்கள் இடத்தைச் சொல்லிக்கொள்ளும் அதே அலைவரிசையில், லைஃப்ஜாக்கெட்டுக்குள் மடித்து வைத்த சின்னக் கருவி தன் ஜிபிஎஸ் இடத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். படகின் திரையில் 972 என்று தொடங்கும் எண்ணோடு ஒரு குறி தோன்றும். 972 என்றால் ஆள் தண்ணீரில் என்று அர்த்தம். ஆன்டெனா தண்ணீர் மட்டத்தில் இருப்பதால் சில கடல் மைல் தூரம்தான் எட்டும், ஆனால் தேட வேண்டிய படகு அந்தச் சில மைலுக்குள்தானே இருக்கிறது. செயற்கைக்கோளுக்குப் பேசும் 406 மெகாஹெர்ட்ஸ் கருவி கரையில் இருக்கும் மீட்பு மையத்தை எழுப்பும், அதுவும் தேவைதான். ஆனால் அடுத்த அரை மணிக்குள் உங்களைத் தூக்கக்கூடியவர்கள் நீங்கள் விழுந்த அதே படகில் இருப்பவர்கள் மட்டும்தான்.

எட்டு நாட் வேகத்தில் படகு நிமிடத்துக்கு ஏறக்குறைய 250 மீட்டர் போய்விடும். பாயை அடக்கி, திருப்பி, எஞ்சினைப் போட்டு, கயிறு எதுவும் புரொப்பெல்லரில் சுற்றவில்லை என்று பார்த்துக்கொண்டு திரும்புவதற்குள் ஒரு கிலோமீட்டர் தாண்டியிருக்கும். நாலு மீட்டர் அலையில் ஒரு தலை தெரிவது, அவரும் நீங்களும் ஒரே நேரத்தில் அலையின் உச்சியில் இருந்தால்தான்.

சிவி30 ஆட்கள் திரும்பிப் போய் அவரை அடைந்தார்கள், படகில் ஏற்றினார்கள். அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனது. அந்தக் கடலில், அந்தக் காற்றில், பணம் கட்டி வந்த சாதாரண ஆட்கள் அதைச் செய்தார்கள் என்பதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஏற்றும்போது அவருக்கு நினைவு இல்லை. படகில் மருத்துவப் பயிற்சி உள்ள மூன்று பேர் இருந்தார்கள், அதில் ஒருவர் டாக்டர். உடனே நெஞ்சை அழுத்தி உயிர்மீட்கும் சிபிஆர் தொடங்கினார்கள். அவர் திரும்ப வரவில்லை. ஃப்ரீமேன்டில் இன்னும் பல நாள் தூரம் என்பதால், குடும்பத்தின் சம்மதத்தோடு கடலிலேயே இறுதிச் சடங்கு நடந்தது.

இதே பந்தயத்தின் முந்தைய சுற்றுகளில் ஒன்றில், 2014 மார்ச் 30 அன்று, வட பசிபிக்கில் இதே 70 அடி வகைப் படகு ஒன்றிலிருந்து ஒருவர் பாய் மாற்றும்போது விழுந்தார். சுமார் 1 மணி 40 நிமிடம் தண்ணீரில் இருந்தார். உயிரோடு ஏற்றினார்கள்! டிரை சூட்டும் ஏஐஎஸ் கருவியும் அவருக்கும் இருந்தன, அந்தக் கருவியின் குறிதான் படகை மறுபடி அவரிடம் கொண்டுவந்தது. ஒருவர் அவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தார், இன்னொருவருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு நேரமே முடிவாகிவிட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, சிவி30காரர் பிரிவதற்கு முன்பே படகோரத்தில் இழுபட்டுக் கிடந்த நேரம்தான் என் கண்ணில் படுகிறது. சுதந்திரமாக மிதப்பவருக்கு முகத்தை அலைக்கு எதிர்ப்பக்கம் திருப்பிக்கொள்ள முடியும். இழுபடுகிறவருக்கு அது முடியாது.

ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் "அப்போ மாட்டாமல் இருப்பதே மேல்" என்று முடிவுக்கு வந்துவிட வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். 2016 ஏப்ரல் 1 அன்று சிவி21 என்ற இன்னொரு கிளிப்பர் படகில், பாய் சுருக்கும் வேலை முடிந்து நின்ற ஒரு பெண்ணை அலை அடித்துக் கொண்டுபோனது. மாட்டியிருக்கவில்லை. ஏஐஎஸ் குறியைத் தொடர்ந்து போய் எடுத்தார்கள், அதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது, உயிர் இல்லை. சிவி30 நிகழ்வுக்கு நாலு மாதம் கழித்து, 2018 மார்ச் 26 அன்று, உலகைச் சுற்றும் வோல்வோ கடல் பந்தயத்தில் ஜான் ஃபிஷர் போனார். அவர் தொழில்முறை மாலுமி, அனுபவசாலி. தென் அமெரிக்காவின் தென்முனையான கேப் ஹார்னுக்கு மேற்கே சுமார் 1400 கடல் மைல், 35 முதல் 45 நாட் காற்று, விடிவதற்குக் கால் மணி நேரம் முன்பு. தளர்ந்து கிடந்த ஒரு கயிற்றை ஒதுக்கி வைக்க முன்னால் நகர்ந்தார், நகர்வதற்காக டெதரைக் கழற்றியிருந்தார். அந்த நொடியில் பெரிய அலையில் சறுக்கிய படகு கட்டுப்பாடு இழந்து பாய் எதிர்ப்பக்கம் பாய்ந்தது, பெரிய பாயின் கயிற்றுத் தொகுதி அவரை அடித்துத் தள்ளியது. தண்ணீரில் விழும் முன்பே நினைவிழந்திருப்பார் என்றுதான் கூட இருந்தவர்கள் நம்புகிறார்கள். இடத்தைக் காட்ட இரண்டு மிதவைகளை வீசினார்கள். படகைக் கட்டுக்குள் கொண்டுவந்து, விழுந்த இடத்துக்குத் திரும்பி வர நேரம் பிடித்தது. பல மணி நேரம் தேடினார்கள். அவரும் கிடைக்கவில்லை, வீசிய மிதவைகளும் கிடைக்கவில்லை.

அந்த மிதவைகள்தான் என்னை உறுத்துகின்றன. அந்த ரகப் படகு அலையில் சறுக்கும்போது 20 நாட்டைத் தாண்டும், நிமிடத்துக்கு 600 மீட்டருக்கு மேல். பின்னால் தொங்கும் மிதவையை எடுத்து எறிய அரை நிமிடம் தாமதித்தாலே அது 300 மீட்டர் தள்ளி விழும். மிதவை காற்றில் ஒரு பக்கம், மனிதர் நீரோட்டத்தில் ஒரு பக்கம். நம்மூர்த் துறைமுக அளவிலான படகுகளுக்கு, மெதுவாகப் போகிறவர்களுக்கு, குதிரைலாட மிதவையும் கொடிக்கம்பும் இன்னும் நல்ல துணைதான். கொடிக்கம்பை மட்டும் கயிற்றால் மிதவையோடு சேர்த்துக் கட்டி, ஒரே இழுப்பில் இரண்டும் போகிற மாதிரி வையுங்கள்.

குளிரைப் பற்றிச் சுருக்கமாக. குளிர்நீர் ஆய்வாளர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லிக் கொடுக்கும் 1-10-1 கணக்கு: முதல் ஒரு நிமிடம் மூச்சு வசப்படாது, அடுத்த பத்து நிமிடம்தான் விரல்கள் சொன்னதைக் கேட்கும், உடல் வெப்பம் இறங்கி நினைவு போக ஏறக்குறைய ஒரு மணி நேரம். பத்து நிமிடத்துக்குப் பிறகு நாம் எறியும் கயிற்றை அவர் பிடிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் தொடை நடுவே போகும் கவட்டுப்பட்டையைப் போட்டே ஆக வேண்டும். அது இல்லாத ஜாக்கெட் தண்ணீரில் ஏறித் தலைக்கு மேல் போய்விடும், மனிதர் அதற்குக் கீழே தொங்குவார்.

தூக்குவது

பக்கத்தில் வந்தாயிற்று. இனிமேல்தான் பெரிய வேலை. நாங்கள் நாலு பேர் சேர்ந்து வைத்திருக்கும் 30 அடிப் படகில் வழக்கமாகச் செய்யும் ஒத்திகை, ஃபெண்டர் (படகு கரையில் இடிக்காமல் தொங்கவிடும் காற்று மெத்தை) ஒன்றில் வாளியைக் கட்டிக் கடலில் எறிந்து திரும்பப் போய் எடுப்பது. நன்றாகவே செய்வோம். ஒரு நாள் காற்றில்லாத மதியத்தில், துறைமுகத்துக்குள்ளேயே, எங்களில் 80 கிலோ இருக்கும் ஒருவர் லைஃப்ஜாக்கெட்டோடு தண்ணீரில் இறங்கி, கைகால் அசைக்காமல் மிதந்தார். மற்ற மூன்று பேரும் வேலிக்கு மேலே குனிந்து அவரை ஹார்னஸைப் பிடித்து இழுத்தோம். இடுப்பு தண்ணீருக்கு மேலே வரவில்லை. ஈரத் துணி, பிடிக்க வாகில்லாத கை, நடுவில் நெஞ்சை அழுத்தும் கம்பி. கடைசியில் பாய் ஏற்றும் கயிறான ஹால்யார்டை அவிழ்த்து அவர் ஹார்னஸில் மாட்டி, கயிறு இழுக்கும் உருளையான வின்ச்சைச் சுற்றித்தான் மேலே கொண்டுவந்தோம். ஹால்யார்டைத் தேடி எடுத்து மாட்டுவதற்கு மட்டும் ஆறு நிமிடம் ஆனது, அசையாத தண்ணீரில், பட்டப்பகலில். வாளி சொல்லிக் கொடுக்காததை அந்த மதியம் சொல்லிக் கொடுத்தது.

இப்போது எங்கள் படகில் ஒரு ஹால்யார்டின் முனையில் எப்போதும் பெரிய கொக்கி போட்டு, அது தண்ணீர் மட்டம் வரை எட்டுமா என்று அளந்து வைத்திருக்கிறோம். வீசி எறிந்து வட்டமாகச் சுற்றிவந்து ஆளிடம் கொண்டுசேர்க்கும் லைஃப்ஸ்லிங் பட்டை ஒன்றும் பின்னால் தொங்குகிறது. நீண்ட நேரம் குளிரில் கிடந்தவரைச் செங்குத்தாகத் தூக்கினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், முடிந்தவரை படுத்த வாக்கில், கால்களுக்கும் ஒரு வளையம் போட்டு ஏற்ற வேண்டும். நினைவிழந்தவர் எதையும் பிடிக்க மாட்டார், அங்கே வேறொருவரை ஹால்யார்டில் கட்டிப் பக்கவாட்டில் இறக்க வேண்டியிருக்கும், கிளிப்பர் படகுகள் பயில்வது இதைத்தான்.

சிவி30க்குப் பிறகு விசாரணைப் பிரிவு சொன்ன முக்கியமான வார்த்தை மிக எளியது: டெதரின் கொக்கி தளத்திலுள்ள எந்தப் பொருத்துகளிலும் சிக்காதபடி நாடா அமைக்கப்பட வேண்டும், கொக்கி தாராளமாகத் திரும்பி இழுப்பு வரும் திசைக்கு நேராகிக்கொள்ள இடம் இருக்க வேண்டும். அடுத்த பந்தயத்திலிருந்து கிளிப்பர் படகுகளில் ஸ்கிப்பரோடு தகுதி பெற்ற இன்னொருவரும் சேர்ந்தார்.

அறிக்கையைப் படித்த வாரமே நான் எங்கள் படகில் பின்னாலிருந்து முன்னால் வரை முழங்காலிட்டு, கையில் கொக்கியை வைத்து நாடாவோடு உரசிக்கொண்டே போய்ப் பார்த்தேன். வலது பக்கம் ஒன்றும் இல்லை. இடது பக்கம் இரண்டு இடத்தில் சிக்கியது. ஒன்று நடுவிலிருக்கும் கிளீட், கொக்கி அதன் கொம்புக்கு அடியில் அச்சில் வார்த்த மாதிரி போய் உட்கார்ந்தது, இழுத்தபோது திரும்பவே இல்லை. இன்னொன்று முன்பாய்க் கயிறு ஓடும் தண்டவாளத்தின் முனை. நாடாவை நடுப்பக்கமாக ஒரு சாண் நகர்த்தி இடையில் இன்னொரு கட்டுப் போட்டோம், தண்டவாளத்தைத் தாண்டிவிட்டது. கிளீட்டுக்கு அது போதவில்லை, அதனால் துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் அந்தச் சந்து அடைபடும் வரை மெல்லிய கயிற்றை எட்டு வடிவில் சுற்றிவிடுகிறோம், திரும்ப வந்து படகைக் கட்டும்போது பிரிக்கிறோம்.